இன்சுலின் போடும் என் தங்கைக்குத் தாய்ப்பால் கொடுக்க உதவி வேண்டும் (சேலம், ஏற்காடு)

வணக்கம் அக்கா, தங்கைகளே. என் தங்கைக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை. சேலத்தில் சிசேரியன் ஆகி இன்று நான்காம் நாள். சீம்பாலைப் பாலாடையில் பிடித்துக் கொடுத்தோம். பால் இன்னும் சரியாக இறங்கவில்லை. சர்க்கரை உள்ளவர்களுக்குக் கொஞ்சம் தாமதமாகலாம், அடிக்கடி குழந்தையை வாய் வைக்க விடுங்கள் என்றார் டாக்டர். வீட்டுப் பெரியவர்களோ இன்சுலின் பாலில் கலந்துவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். அது குழந்தைக்கு ஒன்றும் செய்யாது என்று எவ்வளவு சொன்னாலும் அவள் அழுகிறாள்.

நேற்று ராத்திரி பால் கொடுத்ததும் சர்க்கரை 64க்கு இறங்கிக் கை நடுங்கியது. டாக்டர் டோஸைக் குறைத்துவிட்டார். ராத்திரி பால் கொடுக்கும் முன் நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள்?

அடுத்த வாரம் ஏற்காட்டுக்குப் போகிறோம். மலைக்கு வந்தோ போனிலோ சொல்லித்தரும் நர்ஸ் யாராவது உண்டா? அப்புறம், இன்சுலின் போட்டுக்கொண்டே பால் கொடுத்தவர்கள் அவளிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள்.