பந்தல் பிரித்த பிறகு யாரிடம் போய்ப் பேசினீர்கள்?

செவ்வாய்ப்பேட்டை பட்டறை:

கருமாதி முடிந்து பந்தலைப் பிரித்ததும் வீடு காலியாகிவிடும். அதற்கப்புறம் கவுன்சலிங் என்று போனவர்கள் நம் சேலத்துப் பக்கம் இருந்தால் எழுதுங்கள். முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு 57 வயது. கொலுசுப் பட்டறை. நான் முத்து வைத்துப் பற்றவைப்பேன், வீட்டுக்காரி வளையம் கோர்ப்பாள். முப்பது வருடம் ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்து வேலை. போன தை மாதம் ஒரு ராத்திரி, நெஞ்சு கனமாக இருக்கிறது, வயிற்றைப் புரட்டுகிறது என்றாள். கேஸாக இருக்கும் என்று ஓமத் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுப் படுத்தாள். விடிகாலை நாலு மணிக்கு மேல் 108 வந்தது. வழியிலேயே முடிந்துவிட்டது.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ‘எப்படி ஆச்சு?’ என்றுதான். அறுபது எழுபது பேருக்குச் சொல்லியிருப்பேன். சொல்லிச் சொல்லி மனப்பாடம் ஆகிவிட்டது, எந்த இடத்தில் குரல் உடையும் என்பது உட்பட. ஓமத் தண்ணீரை மட்டும் ஒருத்தரிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் மாதம் எனக்கே நெஞ்சைப் பிடிக்க ஆரம்பித்தது. ஒரு தனியார் மருத்துவமனையில் ஈசிஜி, எக்கோ, ரத்தம் எல்லாம் பார்த்தார்கள். நார்மல். தூக்கத்துக்கு மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். பணம் போனதுகூடப் பெரிசில்லை. வீட்டில் யாராவது தவறிவிட்டார்களா என்று அத்தனை பேரில் ஒருவரும் கேட்கவில்லை. மாப்பிள்ளைதான் பிறகு மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போனார். எனக்கென்ன பைத்தியமா என்று வாசலில் நின்று சண்டை போட்டேன். அவர் நிதானமாக, “மாமா, ஓபி சீட்டு வாங்கியாச்சு, வரிசையிலயும் நின்னாச்சு, வீணாக்காதீங்க” என்றார். சீட்டு வீணாகக் கூடாதே என்றுதான் உள்ளே போனேன். நிஜமாகவே அதுதான் காரணம்.

டாக்டர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உளவியலாளரிடம் அனுப்பினார். என் மகள் வயசுப் பெண். எப்படி ஆச்சு என்று கேட்கவே இல்லை. “முந்தின நாள் சாயங்காலம் வீட்ல என்ன சமையல்?” என்றது. கொள்ளுப் பருப்பு. மிக்சி ரிப்பேர், கையாலேயே கடைந்தாள். அதைக் கடையில் கொடுக்க உங்களுக்கு ஒரு மாசமா நேரமில்லையா என்று கடைந்துகொண்டே என்னைத் திட்டினாள். இதைச் சொல்லும்போது சிரித்துவிட்டேன். சிரித்த வேகத்திலேயே அழுகை வந்தது. மனப்பாடத்தில் இல்லாத இடம் அது.

மூன்றாவது தடவை போனபோது ஓமத் தண்ணீரைச் சொன்னேன். ‘உங்க மேல தப்பில்ல’ என்று சட்டென்று சொல்லி முடித்துவிடுமோ என்று பயம். எதைச் சொன்னாலும் எல்லோரும் அதைத்தானே சொல்கிறார்கள். அந்தப் பெண் சொல்லவில்லை. “அந்த ராத்திரி உங்களுக்கு என்ன தெரியும், விடிஞ்ச பிறகு என்ன தெரிஞ்சது, ரெண்டையும் தனித்தனியா சொல்லுங்க” என்றது. சொன்னேன். ராத்திரிக் கணக்கில் இருந்தது ரொம்பக் கொஞ்சம். பெண்களுக்கு மாரடைப்பு பல சமயம் குமட்டல், முதுகுவலி, அசதி, மூச்சு வாங்குவது என்றும் வரும், வயிற்றுக் கோளாறு என்று நினைத்துவிடுவது எங்கும் நடக்கிறது என்று அப்புறம்தான் விளக்கியது. அங்கே உட்கார்ந்திருக்கும்போது ஆறுதலாக ஒன்றும் இல்லை. ஆனால் அன்று ராத்திரி மாத்திரை போடாமல் தூங்கினேன்.

இதுவரை எட்டுத் தடவை போயிருக்கிறேன். செய்யாமல் தள்ளிப்போடும் வேலை ஏதாவது இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டது. ரேஷன் கார்டு. குடும்பத் தலைவி அவள்தான், கார்டில் போட்டோவும் அவளுடையது. இறப்புச் சான்றிதழ் பீரோவில் இருக்கிறது, பேரை நீக்கத்தான் கை வரவில்லை. “சரி, இருக்கட்டும்” என்று விட்டுவிட்டது.

மலைக்காரி:

அண்ணா, உங்களிடம் அறுபது பேர் கேட்டார்கள். என்னிடம் யாரும் கேட்கவே இல்லை. ஏற்காட்டில் காபி எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கிறோம். எட்டாம் மாதம் குழந்தை இறந்தே பிறந்தது. எங்கள் வீட்டில் அதற்குக் கருமாதி கிடையாது. அன்றைக்கே மாமனாரும் வீட்டுக்காரரும் எடுத்துப்போய்ப் புதைத்துவிட்டார்கள். எந்த இடம் என்று எனக்குச் சொல்லவில்லை. ‘அடுத்தது நல்லபடியா பொறக்கும்’ என்று மாமியார் பேச்சை முடித்துவிட்டார்.

மூன்றாம் நாள் பால் கட்டிக்கொண்டது. இப்படி ஆகும் என்று யாரும் எச்சரிக்கவில்லை. பக்கத்து வீட்டில் கைக்குழந்தை அழும், எனக்கு இங்கே ஜாக்கெட் நனையும். ஊசி போட வரும் நர்சம்மாதான் ஈரத்துணி வைக்கச் சொன்னார். முழுசாகப் பீய்ச்சினால் மேலும் சுரக்கும், வலி தாங்கும் அளவுக்கு மட்டும் எடு என்றார். போகும்போது காலண்டர் பின்னால் 14416 என்று எழுதிவிட்டுப் போனார்.

லைனில் சிக்னல் கிடையாது. மேட்டு ரோட்டில் ஒரு சில்வர் ஓக் மரத்தடியில்தான் ரெண்டு கோடு வரும். அங்கே நின்று பேசினேன். தமிழில்தான் பேசினார்கள். குழந்தையைப் பற்றிச் சொல்ல வாய் வராமல் வீட்டுக்காரரைத் திட்டினேன். நாலாம் நாளே மிளகு பறிக்கப் போய்விட்டார், கல்மனசு என்று. சிலர் பேசி அழுவார்கள், சிலர் வேலையில் போட்டு அமுக்குவார்கள், அவரிடம் ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டுப் பாருங்கள் என்றார்கள். புதைத்த இடம் எது என்று கேட்டேன். தினமும் வேலை முடிந்து அங்கே போய் நின்றுவிட்டுத்தான் வந்திருக்கிறார். எனக்குத் தெரியாது.

அம்மாப்பேட்டை தறி:

எல்லோரும் நல்லதாகச் சொல்கிறீர்கள், நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். அப்பா போன பிறகு ஒரு தனியார் கவுன்சலரிடம் போனேன். 45 நிமிடத்துக்கு 1,200 ரூபாய். ஐந்து படி போட்ட ஒரு படத்தைக் காட்டினார். மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு. “நீங்க இன்னும் கோபத்துலயே நிக்கிறீங்க” என்றார். அரியர் வைத்த மாணவன் மாதிரி வெளியே வந்தேன். அப்பாவை ஏமாற்றிய பங்காளி மேல் எனக்குக் கோபம் வராமல் வேறென்ன வரும்?

அந்தக் கவுன்சலரைவிட எங்கள் ஆயா எவ்வளவோ தேவலை. கருமாதி முடிந்த பிறகும் சாயங்காலமானால் திண்ணையில் உட்கார்ந்து ஒப்பாரியை எடுத்துவிடும். அதில் அந்தப் பங்காளிக்கும் ஒரு வரி உண்டு!

சமூகப்பணி மாணவி:

தறி அண்ணாவுக்கு. அந்த ஐந்து படியை எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மருத்துவர் 1969-ல் எழுதினார். சாகப்போகும் நோயாளிகளிடம் பேசிப் பார்த்து எழுதியது அது. பிரிந்தவர்களை நினைத்து வாடுபவர்களுக்கு அப்புறம்தான் ஒட்டவைத்தார்கள். எல்லோரும் வரிசையாக ஏறித்தான் ஆக வேண்டும் என்பதற்கு ஆதாரம் இல்லை. எங்களுக்கு வகுப்பில் சொல்லித்தருவது வேறு. நெதர்லாந்தில் ஸ்ட்ரோபே, ஷூட் என்ற இருவர் 1999-ல் முன்வைத்தது. ஒரு வேளை இழப்பில் மூழ்குவோம், ஒரு வேளை கேஸ் புக் பண்ணுவது, பேங்குக்குப் போவது என்று இருப்போம். இரண்டுக்கும் நடுவே ஊஞ்சல் மாதிரி போய்வருவதுதான் இயல்பு என்கிறார்கள். திண்ணையில் பாடிவிட்டு எழுந்துபோய் உலை வைக்கும் ஆயாவுக்கு இது தெரிந்திருக்கும்.

இன்னொன்று. அரை வருடம் தாண்டியும் நாள் முழுக்க அதே ஏக்கம், வேலை வெட்டி எதுவும் ஓடவில்லை என்றால் அதை நீடித்த துக்கம் என்று தனி நோயாகவே உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியல் சொல்கிறது, 2022-லிருந்து. அமெரிக்கப் பட்டியலில் பெரியவர்களுக்கு ஒரு வருடம். வருஷத் திதி வரைக்கும் நம் வீடுகளில் பண்டிகை கொண்டாடாததை நினைத்துக்கொள்வேன். ஆனால் செத்துவிடலாம் என்று தோன்றினால் நாள் கணக்குப் பார்க்காதீர்கள். மலைக்காரி அக்கா சொன்ன 14416 டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம். அரசு மருத்துவ உதவி எண்ணான 104-லும் பேசலாம்.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை:

எல்லோருக்கும் நன்றி. மலைக்காரி தங்கச்சி, இனி ரெண்டு பேரும் சேர்ந்து போய்வாருங்கள் என்று எழுத நினைத்தேன். அதைச் சொல்ல நான் யார், உனக்குத் தோன்றும்போது போ.

நேற்று மருமகளோடு இ-சேவை மையத்துக்குப் போய் ரேஷன் கார்டு விண்ணப்பத்தைப் போட்டுவிட்டேன். பத்து நிமிட வேலை. பழைய கார்டைக் கேட்பார்களோ என்று பயந்து சட்டைப்பையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கேட்கவில்லை. 2017-ல் ஸ்மார்ட் கார்டு வந்தபோது அந்தப் போட்டோவில் அவள் கண் பாதி மூடியிருக்கும். வேறு படம் மாற்றச் சொல்லி வருடக்கணக்காக என்னை நச்சரித்தாள். அதற்கும் எனக்கு நேரம் கிடைக்கவில்லை, மிக்சி மாதிரியே. கார்டு இப்போது முத்து டப்பாவில் இருக்கிறது.