பில்ட் இயந்திரங்களைக் கூட்டியும் வேகம் கூடவில்லை: உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

தொடக்கப் பதிவு

பல நூறு பேர் ஒரே களஞ்சியத்தில் (நிரல் முழுவதையும் சேர்த்து வைக்கும் இடம்) நிரல் எழுதும் குழு எங்களுடையது. எழுதிய நிரலை ஓடக்கூடிய மென்பொருளாக மாற்றும் பில்டுக்காகக் காத்திருப்பது பெரிய தலைவலியானபோது மேலாளர்கள் கையில் எடுத்த வைத்தியம், கூடுதல் இயந்திரங்கள். வாங்கினோம். வரிசையில் நிற்கும் நேரம் குறைந்தது. ஆனால் உள்ளே போன பில்ட் பழைய நேரத்தையே எடுத்துக்கொண்டது.

எந்தப் பகுதி எதை நம்பியிருக்கிறது என்ற சார்புகளை வரைபடமாகப் போட்டுப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. தேதியை வடிவமைப்பதிலிருந்து கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது வரை எல்லாவற்றையும் திணித்து வைத்த ஒரு பொது லைப்ரரி (பலரும் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) நடுவில் உட்கார்ந்திருந்தது. அது முடியும்வரை மற்ற இயந்திரங்களுக்கு வேலையே இல்லை. அதில் ஒரு வரி மாறினால் கிட்டத்தட்ட மொத்தக் களஞ்சியமும் மீண்டும் பில்ட் ஆகும். கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-இல் சொன்ன கணக்குதான்: 40 நிமிட பில்டில் 15 நிமிட வேலை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்க வேண்டும் என்றால், ஆயிரம் இயந்திரங்களைப் போட்டாலும் 15 நிமிடத்துக்குக் கீழே இறங்க முடியாது.

லைப்ரரியைத் துண்டுகளாகப் பிரித்தோம். நிரலைப் பிரிப்பது எளிது. எந்தத் துண்டு எந்தக் குழுவின் பொறுப்பு என்ற பேச்சுவார்த்தைதான் இழுத்தடித்தது. இப்போது நிலைமை பரவாயில்லை. மற்றவர்கள் எங்கே முட்டிக்கொண்டீர்கள்?

பதில் 1

எங்களுக்குச் சிக்கல் கேஷில், அதாவது முன்பு செய்த வேலையின் விளைவைச் சேமித்து வைக்கும் இடத்தில். கூகுள் 2015-இல் பொதுவில் வெளியிட்ட பேஸல் போன்ற கருவிகள், உள்ளீடுகளின் ஹேஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) ஒன்றாக இருந்தால் வேறொருவர் ஏற்கெனவே செய்த பில்டின் விளைவை அப்படியே எடுத்துத் தந்துவிடும். ஏட்டளவில் அருமை. எங்கள் களஞ்சியத்தில் கேஷிலிருந்து கிடைத்தது மிகச் சொற்பம்.

பில்ட் நடந்த நேரத்தையும் கமிட் (பதிவான நிரல் மாற்றம்) எண்ணையும் ஒரு சிறிய கோப்பில் எழுதி, அதை அடித்தளப் பகுதியிலேயே யாரோ சேர்த்து வைத்திருந்தார்கள். ஒவ்வொரு முறையும் நேரம் மாறும், ஹேஷ் மாறும், அதற்கு மேலுள்ள அத்தனையும் புதிதாக ஓடும். அந்த முத்திரையைக் கடைசிக் கட்டத்துக்குத் தள்ளினோம். சுருக்கக் கோப்புகளுக்குள் புகுந்துகொள்ளும் நேரத்துக்கு அதை நிலையாக வைக்கும் 'சோர்ஸ் டேட் எபோக்' என்ற சூழல் மாறி (பில்டுக்கு வெளியிலிருந்து கொடுக்கும் மதிப்பு) உதவியது. டெவலப்பர்களின் கணினிப் பாதைகள் விளைவுக்குள் கசிவது இன்னொரு தொல்லை.

ஒன்றை மட்டும் வலியுறுத்துவேன்: பொது கேஷில் எழுதும் உரிமை மைய பில்ட் இயந்திரங்களுக்கு மட்டும் இருக்கட்டும். தனிக் கணினிகள் படிக்கலாம், எழுதக் கூடாது. ஒருவருடைய கணினியில் உருவான கெட்ட கோப்பு எல்லோருக்கும் பரவினால், தேடிக் கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

பதில் 2

பில்ட் வேகமானாலும் மாற்றங்களைப் பொது நிரலோடு இணைக்கும், அதாவது மெர்ஜ் செய்யும் இடத்தில் நெரிசல் வரும். ஒருவர் ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றுகிறார். அதே நேரத்தில் இன்னொருவர் பழைய பெயரை அழைத்து எழுதுகிறார். தனித்தனியே சோதித்தால் இரண்டும் பச்சை (தேர்ச்சி), சேர்ந்தால் சிவப்பு (தோல்வி). இதற்காகத்தான் மாற்றங்களை வரிசையில் நிறுத்திச் சோதித்த பிறகே இணைக்கும் மெர்ஜ் வரிசை. ஆனால் ஒவ்வொன்றாகச் சோதித்தால், சோதனைக்கு 30 நிமிடம் என்று வைத்தாலும் நாளெல்லாம் ஓடி 48 மாற்றங்கள்தான் உள்ளே போகும். எனவே பலவற்றை ஒரு கட்டாகச் சேர்த்துச் சோதிக்கிறோம். கட்டு தோற்றால் பாதியாகப் பிரித்துக் குற்றவாளியைத் தேடுகிறோம்.

இந்த ஏற்பாட்டைக் கவிழ்ப்பவை நிலையற்ற டெஸ்டுகள். ஒரு டெஸ்ட் ஆயிரத்தில் ஒரு முறை காரணமின்றித் தோற்கிறது என்றால் யாரும் கவலைப்படுவதில்லை. அப்படிப்பட்ட ஆயிரம் டெஸ்டுகள் சேர்ந்தால் நல்ல நிரலும் 63% வாய்ப்பில் தோற்கும். கூகுளே தன் டெஸ்டுகளில் ஏறத்தாழ 16% ஏதோ ஒரு அளவு நிலையற்றவை என்று 2016-இல் எழுதியது. மறுபடி ஓட்டும் பொத்தானை எனக்குப் பிடிக்காது. உண்மையான பிழைகளும் அதில் ஒளிந்துகொள்கின்றன. எங்களிடம் அத்தகைய டெஸ்டுகள் தனியே ஒதுக்கப்படும், பொறுப்பாளர் பெயரும் கெடு தேதியும் ஒட்டப்படும், கெடு தாண்டினால் நீக்கப்படும். நீக்கியதைத் தேடி இதுவரை வந்தவர்கள் மிகக் குறைவு!

பதில் 3

களஞ்சியத்தையே பல துண்டுகளாகப் பிரித்துவிட்டால் இத்தனையும் தீர்ந்துவிடுமே?

பதில் 4

தீராது, இடம் மாறும். பிரித்த பிறகு எங்களுக்கு எந்தப் பதிப்போடு எந்தப் பதிப்பு ஒத்துப்போகும் என்பதே தினசரிச் சண்டையானது.

நான் சொல்ல வந்தது டிப்ளாய்மென்ட், அதாவது புதிய பதிப்பைச் சர்வர்களில் கொண்டுபோய்ச் சேர்ப்பதைப் பற்றி. சர்வர்கள் பெருகப் பெருக, பழைய பதிப்பும் புதிய பதிப்பும் சேர்ந்து ஓடும் நேரமும் நீளும். டேட்டாபேஸில் ஒரு பத்தியின் (அட்டவணையின் நெடுவரிசை) பெயரை மாற்றுவதுகூட ஒரே ரிலீஸில் முடியாது: புதிய பத்தியைச் சேர்த்து, இரண்டிலும் எழுதி, பழைய தரவை நகர்த்தி, எல்லாச் சர்வர்களும் புதியதைப் படிக்கத் தொடங்கிய பிறகே பழையதை நீக்க வேண்டும். 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனத்தில் எட்டு சர்வர்களில் ஒன்றுக்கு மட்டும் புதிய நிரல் போய்ச் சேரவில்லை. பழைய அம்சம் ஒன்றின் கொடியை (அதை இயக்கும் சுவிட்ச்) புதிய வேலைக்கு மறுபயன்பாடு செய்திருந்ததால், அந்த ஒரு சர்வரில் செத்துப்போன நிரல் உயிர்பெற்றது. சுமார் 45 நிமிடங்களில் 44 கோடி டாலருக்குக் குறையாத இழப்பு.

"இது நிரல் இல்லை, வெறும் கான்ஃபிக் (அமைப்பு மதிப்புகள்)" என்று சொல்லி ஒரே நேரத்தில் எல்லா இடத்துக்கும் அனுப்புவதும் அதே ரகம். 2024 ஜூலை 19 அன்று கிரௌட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பியதும் உள்ளடக்கப் புதுப்பிப்புதான். சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின.

தொடக்கப் பதிவர்

நாங்களும் முதலில் சில சர்வர்களுக்கு மட்டும் அனுப்பிப் பார்க்கிறோம். ஆனால் புதிதாகத் தொடங்கிய சர்வர் எப்போதுமே சற்று மெதுவாகத் தெரிகிறது. நல்ல ரிலீஸ்களையே திரும்பப் பெற வேண்டியிருக்கிறது.

பதில் 4

வாரக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்களோடு ஒப்பிட்டால் அப்படித்தான் தெரியும். அவற்றின் நினைவகக் கேஷ் நிரம்பியிருப்பதால் வேகமாகப் பதில் தரும். அதே எண்ணிக்கையில் பழைய பதிப்பையும் சில சர்வர்களில் அதே நேரத்தில் புதிதாகத் தொடங்கி, அந்த இரண்டு கூட்டங்களை மட்டும் ஒப்பிடுங்கள். போக்குவரத்து குறைந்த நள்ளிரவில் இதைச் செய்யாதீர்கள். அந்தச் சில கோரிக்கைகளை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.