மறு: 'ரீஅமால்கமேஷன்' – மெருகிளக்கல் எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். கிராமபோன், வானொலிப் பெட்டிகளுக்கான சொற்பட்டியலில் 'ரீஅமால்கமேஷன்' என்ற இந்த ஒரு சொல் மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது. வெடித்துப்போன பழைய மெருகை உரிக்காமல், அதையே நெகிழச் செய்து சீராக்கும் வேலைக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். இதுவரை வந்தவை: மறுபூச்சு, மீள்கலப்பு, மறு இரசக்கலவை, புதுப்பித்தல். நான்கும் எனக்கு ஒத்துவரவில்லை. வேலை எப்படி நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைப் பார்த்தால் சொல் தானாக வரும் என்பது என் நம்பிக்கை.

பில்கோ நிறுவனம் 1931இல் விற்பனைக்குக் கொண்டுவந்த 90ஆம் எண் வானொலியை எடுத்துக்கொள்வோம். மேற்புறம் வளைந்த மரப்பெட்டி. அந்த வளைவால்தான் இவ்வகைக்குக் 'கதீட்ரல்' (பேராலயம்) என்று பெயர். மரத்தின் மேல் இருப்பது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். 1920களில் அமெரிக்கக் கார்களுக்கு அடித்த அதே வகைப் பூச்சு. டூப்பான்ட் அதை 'டூகோ' என்று விற்றது. நம்மூர் பெயிண்டர்கள் இன்றும் சொல்கிற டூகோ அதுதான்.

காலப்போக்கில் இந்தப் படலம் வறண்டு இறுகிவிடும். மரமோ ஈரத்துக்கு விரியும், வெயிலுக்குச் சுருங்கும். படலத்தால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது. முதலில் மயிர்வெடிப்பு, பிறகு முதலைத்தோல் மாதிரி கட்டங்கட்டமாகப் பிளவு. தொட்டுப் பார்த்தால் சொரசொரவென்று இருக்கும். ஆனால் படலம் எங்கும் போய்விடவில்லை, இடம் மாறிக் கிடக்கிறது, அவ்வளவுதான்.

இங்கேதான் நாம் பேர் தேடும் வேலை வருகிறது. முதலில் டர்பன்டைன் தொட்ட துணியால் பழைய மெழுகையும் அழுக்கையும் துடைத்தெடுக்க வேண்டும்; இல்லாவிட்டால் அழுக்கும் உள்ளே சேர்ந்து படிந்துவிடும். உள்ளிருக்கும் கருவியையும் ஒலிபெருக்கித் துணியையும் கழற்றிவிட்டு, பெட்டியைச் சாய்த்து, வேலை செய்யும் பக்கம் மட்டமாக மேலே இருக்கும்படி வைக்க வேண்டும். பக்கத்தில் நெருப்பு கூடவே கூடாது. இயற்கை மயிர் பிரஷ்ஷை லாக்கர் தின்னரில் நனைத்து, ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும், ஓரத்திலிருந்து ஓரத்துக்கு ஒரே இழுப்பாக இழுப்பார்கள். சில நொடிகளில் பிளவுகளின் விளிம்பு மழுங்கும். கட்டங்களுக்கு நடுவே இருந்த வெளிறிய கோடுகள் நிறைந்து மறையும். பிரஷ் இலேசாக ஒட்டி இழுக்கத் தொடங்கியதும் கையை எடுத்துவிட வேண்டும். அப்புறமும் தேய்த்தால் பாதி காய்ந்த படலம் பிரஷ்ஷோடு பெயர்ந்து வரும். தானாகப் பரவி மட்டமாக நிற்க விட்டு, பல நாள் காய விடுவார்கள். மெலிந்த இடம் இருந்தால் அதன்பிறகுதான் புதுப்பூச்சு.

ஆக, பெட்டியின் மேல் கடைசியில் இருப்பது தொழிற்சாலையில் அடித்த அதே மெருகு. 'மறுபூச்சு' என்றால் புதிதாக ஒன்றைப் பூசுவதாகிவிடும். 'புதுப்பித்தல்' இன்னும் ஆபத்து. நம் பட்டியலைப் பார்த்துவிட்டு ஒருவர் உப்புத்தாளை எடுத்து மரம் தெரியும்வரை தேய்த்துவிடுவார். புதுப்பித்தல் என்றால் கடையில் நடப்பது அதுதானே. பில்கோ போன்ற பெட்டிகளில் அப்படிச் செய்தால் இழப்பு பெரிது. பல இடங்களில் வால்நட் மரம்போல் தெரிவது உண்மையில் மலிவான வெளிர்மரம். கருமை முழுவதும் மேலே தெளித்த நிற லாக்கரில் இருக்கிறது. மெருகை உரித்தால் நிறமும் சேர்ந்து போய், பக்கத்துக்கொரு சாயலில் பெட்டி நிற்கும்.

'மறு இரசக்கலவை'யை முற்றிலும் விட்டுவிடலாம். அமால்கம் என்பது வேதியியலில் பாதரசக் கலவை என்பது சரி, ஆனால் இந்த வேலையில் பாதரசமே இல்லை. இல்லாத ஒரு நஞ்சை வாசகர் தேட வேண்டியிருக்கும். 'மீள்கலப்பு' பரவாயில்லை, ஆனாலும் எதை எதோடு கலக்கிறோம்? இருப்பது ஒரே படலம்.

என் பரிந்துரை மெருகிளக்கல். மெருகு என்பது ஃபினிஷ் என்ற பொருளுக்கு ஏற்கெனவே கைவந்த சொல். இளக்குதல் என்றால் இறுகியதை நெகிழச் செய்வது. கரைத்தலுக்கும் இதற்கும் உள்ள இடைவெளிதான் இந்த வேலையின் உயிர். கரைத்தால் வழித்தெடுத்துவிடலாம், இளக்கினால் இருந்த இடத்திலேயே கிடக்கும்.

பொறியாளர் ஐயா ஒருவர் கேட்டிருந்தார், இளகுவதற்குச் சூடு வேண்டாமா என்று. மெழுகுக்கு வேண்டும். ஆனால் மழையில் மண் இளகுகிறது, அதில் சூடு ஏது? சித்த மருத்துவத்தில் லேகியத்தை இளகம் என்பதும் அதன் பதத்தை வைத்துத்தான். எனவே வேதிநீர்மத்தால் இளகுவதற்கும் தடையில்லை. 'நெகிழ்த்தல்' என்ற மாற்றும் நல்லதுதான், ஆனால் நெகிழி பிளாஸ்டிக்குக்குப் போய்விட்டது. 'பூச்சிளக்கல்' என்று அம்மா ஒருவர் எழுதியிருந்தார். பொருள் கச்சிதம், வாசிக்கும்போது பூச்சியில் போய் முட்டுகிறது. அரக்கே ஒரு பூச்சி தருவது என்பதால் இந்தத் துறையில் குழப்பம் இரட்டிப்பாகும்.

அரக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். விக்டர் நிறுவனம் 1906இல் விக்ட்ரோலா என்ற கிராமபோனை வெளியிட்டபோது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் மரச்சாமான்களுக்கு வந்திருக்கவில்லை. அந்தக் கால கிராமபோன் பெட்டிகளில் அரக்கு மெருகோ எண்ணெய் வார்னிஷோ இருக்கும், சிலவற்றில் இரண்டும். அரக்கு ஸ்பிரிட்டில் (ஆல்கஹால்) இளகும், லாக்கர் தின்னரில் இளகும். எண்ணெய் வார்னிஷ் காய்ந்தபின் எதிலும் திரும்ப இளகாது. அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்துவிடுகின்றன. அதனால் பெட்டியின் கண்ணில் படாத மூலையில் ஒரு துளி ஸ்பிரிட்டை விட்டுப் பார்க்க வேண்டும், பிசுபிசுத்தால் அரக்கு. இல்லையென்றால் தின்னர் ஒரு துளி. அதற்கும் அசையாவிட்டால் மெருகிளக்கல் அங்கே நடக்காது, சுத்தம் செய்து மெழுகு போடுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பட்டியல் விளக்கத்தில் இந்த வரம்பு கட்டாயம் வர வேண்டும்.

இன்னொன்று, விக்ட்ரோலா மூடியின் உட்புறத்தில் நாய் குழாயைக் கேட்கும் அந்த ஒட்டுப்படம். அதன் மேல் ஸ்பிரிட் பட்டால் படம் கலைந்துவிடும், திரும்ப வராது. அந்த இடத்தைச் சுற்றி நன்றாகத் தள்ளியே நிறுத்த வேண்டும்.

சொல்லின் வசதியையும் பாருங்கள். புதிதாக மெருகு தருவது மெருகேற்றல், பழையதை முழுக்க எடுப்பது மெருகுரித்தல், இருப்பதையே சீராக்குவது மெருகிளக்கல். அதற்கான நீர்மம் மெருகிளக்கி. தின்னரும் ஸ்பிரிட்டும் கலந்து விற்கிற ஆயத்தக் கலவைக்கும் அதே பெயர் போதும். 'இந்தப் பக்கத்தை இளக்கிவிடு' என்று பட்டறையில் சுருக்கமாகவும் சொல்லலாம். 'மீள்கலப்புச் செய்' என்று எந்தத் தச்சரும் சொல்லமாட்டார்.

பட்டியலுக்கு இப்படி எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்:

மெருகிளக்கல் – வெடித்த அல்லது சொரசொரத்த அரக்கு, லாக்கர் மெருகை, அதை உரிக்காமல், உரிய நீர்மத்தால் நெகிழச் செய்து மீண்டும் மட்டமாகப் படியவைக்கும் முறை. எண்ணெய் வார்னிஷுக்குப் பொருந்தாது.

ஈரமான நாளில் இதைச் செய்தால் மெருகு வெளுத்துப்போகும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் படலத்தில் படிந்துவிடுவதே காரணம். இதற்கு 'வெண்படலம்' என்று முன்பே ஒரு மடலில் வந்தது, எனக்குச் சம்மதம். சென்னை மாதிரி ஊரில் மழைக்காலத்தில் இந்த வேலையைத் தள்ளிப்போடச் சொல்லி ஒரு வரி சேர்க்கலாம்.

நிற லாக்கருக்குத்தான் இன்னும் சொல் பிடிபடவில்லை. 'சாயமெருகு' என்று வைத்தால், சாயம் மரத்துக்குள் ஊறியதாகப் பொருள்படுமோ என்ற தயக்கம் இருக்கிறது. நிறம் மேலே படலத்தில் மட்டும் நிற்கிறது என்பது தெரிய வேண்டும். யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்.