வீட்டில் சொசேஜ் செய்யத் தொடங்க முதலில் எந்தச் சாமான் வாங்குவது?

உப்புவெளிக் காகம் கேட்டது:

வணக்கம். வாடகை வீடு, சாதாரண இரண்டு கதவு பிரிட்ஜ், ஒடுங்கின குசினி. கோழி, மாட்டிறைச்சி இரண்டிலும் சொசேஜ் செய்து பழக விருப்பம். ஒரு முறைக்கு ஒன்றரை, இரண்டு கிலோவுக்கு மேல் போகாது. மிக்ஸியில் அரைத்தால் களியாகிறது. பொரிக்கும்போது எண்ணெய் வழிந்து, உள்ளே மரத்தூள் மாதிரி உதிர்கிறது. இது மெசின் பிழையா, கைப்பக்குவப் பிழையா?

கையால் சுற்றுகிற மெசின் போதுமா, கறண்டில் ஓடுகிறதுதான் வேணுமா? நிரப்புவதற்குத் தனி மெசின் கட்டாயமா? இறைச்சியை அடைக்கிற உறை எது நல்லது? வீட்டுக்கு வருகிறவர்களில் முஸ்லிம் நண்பர்களும் உண்டு, அதையும் யோசித்துச் சொல்லுங்கோ.

துளைத்தட்டு:

தம்பி, மிக்ஸிக் கத்தி இறைச்சியை நறுக்காது, அடிச்சுக் கிழிக்கும். கொஞ்ச நேரத்திலயே சூடேறி, கொழுப்பு இளகி, நாரெல்லாம் பூசுப்பட்டிடும். பிறகு எவ்வளவு பிசைஞ்சாலும் நார் ஒண்டோட ஒண்டு ஒட்டாது. பொரிக்கேக்க கொழுப்பு வழிஞ்சு போக மிஞ்சிறதுதான் நீங்கள் சொன்ன மரத்தூள். மெசினும் பிழை, சூடும் பிழை. எங்கட ஊரில சூடுதான் பெரிய எதிரி. கச்சான் எண்ட வறண்ட சூட்டுக் காத்து வீசிற மாதங்களில மத்தியானம் இந்த வேலைக்கே இறங்காதையுங்கோ. விடிய அஞ்சு மணிக்குத் தொடங்கினால் வெயில் ஏறமுதல் முடிக்கலாம்.

ரெண்டு கிலோவுக்குக் கைமெசின் தாராளம். நம்பர் 8 அல்லது 12 எடுங்கோ. இந்த நம்பர் துளைத்தட்டின்ர, அதாவது இறைச்சி வெளியால வாற ஓட்டைத் தட்டின்ர அளவு: 8 எண்டால் தட்டு 62 மில்லிமீற்றர் அகலம், 10உம் 12உம் 70, 22 எண்டால் 82. 22 வீட்டுக்குப் பெரிசு, போல்ற் போட்டு இறுக்கினால்தான் அசையாமல் நிக்கும். பின்னால தட்டு தனிய வாங்கேக்க இந்த நம்பரைத்தான் கேப்பினம், எழுதி வையுங்கோ. தட்டு ரெண்டு போதும், 8 மில்லிமீற்றர்த் துளை ஒண்டு, 4.5 ஒண்டு. மேசை விளிம்பு வெளியால நீட்டிக்கொண்டு இருந்தால்தான் மெசினை மேசையோட இறுக்கிற பிடி பூட்டுப்படும், கடைக்குப் போகமுதல் அதைப் பாருங்கோ. சீமெந்துக் கட்டில டைல்ஸ் ஒட்டின குசினியெண்டால் பிடிக்கு இடமே இருக்காது.

இனி முக்கியமான விசயம், கத்தி. நாலு இதழ் இருக்கும். ஒரு பக்கம் தட்டை, மற்றப் பக்கம் சரிவு. தட்டைப் பக்கம் துளைத்தட்டைத் தொட்டுக்கொண்டு இருக்கவேணும். மாறிப் பூட்டினால் மெசின் ஓடும், இறைச்சியும் வரும், ஆனால் நசிஞ்சுதான் வரும். புதுசா வாங்கிறவை அடிக்கடி விடுற பிழை இதுதான். துளையால வாறதைக் குனிஞ்சு பாருங்கோ. சிவப்பும் வெள்ளையும் தனித்தனியாத் தெரிஞ்சு, புழு மாதிரித் துண்டு துண்டா விழுந்தால் சரி. ரெண்டும் கலந்து ரோஸ் நிறக் களியா, தட்டில அப்பிக்கொண்டு வந்தால் உடன நிப்பாட்டுங்கோ. ஒண்டில் கத்தி மாறிக் கிடக்கு, ஒண்டில் வெள்ளை நரம்பு கத்தியைச் சுத்தியிருக்கு, இல்லாட்டி இறைச்சி சூடு. தட்டை இறுக்கிப் பிடிக்கிற முன்வளையத்தைத் தளரப் பூட்டினாலும் இதே கோலந்தான்.

கறண்ட் மெசின் கட்டாயமில்லை. வாங்கிறதெண்டால் பெட்டியில 2000 வாட் எண்டு கொட்டை எழுத்தில இருக்கிறதைப் பாத்து மயங்காதையுங்கோ. மோட்டார் இறுகி நிக்கேக்க இழுக்கிற உச்சத்தைத்தான் பெரும்பாலும் அப்பிடி எழுதிறவை. அடியில ஒட்டியிருக்கிற தகட்டில உள்ள ஓட்ட வலுதான் கணக்கு. பின்பக்கம் சுத்திற பொத்தான் இருக்கவேணும், நரம்பு சிக்கினால் அதுதான் கைகுடுக்கும்.

வெள்ளீயம் பூசின வார்ப்பிரும்பு மெசினுக்குக் கடல்காத்து ஆகாது. கழுவின கையோட துடைச்சு, வெயிலில காட்டி, கத்திக்கும் தட்டுக்கும் சமையல் எண்ணெய் தடவி வையுங்கோ.

நிரப்பிறதுக்கு முதலில அரைக்கிற மெசினோட வாற புனலே காணும். ஆனால் கத்தியையும் தட்டையும் கழட்டிப்போட்டு, பெட்டிக்குள்ள இருக்கிற நட்சத்திர வளையத்தைப் போட்டுத்தான் புனலைப் பூட்டவேணும். அந்த வளையம் இல்லாட்டி, இறைச்சியை முன்னால தள்ளுற உள்திருகு ஆடும். கத்தியோட நிரப்பினால் இறைச்சி ரெண்டாந்தரம் அரைபட்டுச் சூடேறும். மாதத்தில ரெண்டு மூண்டு தரம் செய்யிற நிலை வந்தால் 3 லீற்றர் நிக்கிற வகைக் கை நிரப்பி வாங்கலாம். தள்ளுற வட்டில காத்து வெளியேறிற வால்வு இருக்கோ எண்டு பாத்து எடுங்கோ.

உண்மையில மெசினுக்கு முதல் வாங்கவேண்டியது ரெண்டு: ஒரு கிராமுக்குச் சரியாக் காட்டிற தராசு, இறைச்சிக்குள்ள குத்திற தெர்மோமீற்றர்.

மூதூர்க் கறுவா:

அண்ணை சாமானைச் சொல்லிவிட்டார், நான் அளவைச் சொல்கிறேன். இறைச்சியும் கொழுப்பும் சேர்ந்து 1 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோழிக்கு எலும்பு நீக்கிய தொடை 850 கிராம், தோல் 150 கிராம். நெஞ்சிறைச்சி மட்டும் போட்டால் வறண்டுபோகும். உப்பு 16 கிராம், குற்றிய மிளகு 3, செத்தல்மிளகாய்த் தூள் 4, வறுத்த மல்லித்தூள் 3, பெருஞ்சீரகம் 2, சீனி 4, அரைத்த உள்ளி 8 கிராம். ஐஸ் தண்ணீர் 70 மில்லிலீற்றர். மாட்டிறைச்சி என்றால் கொழுப்பில்லாத சதை 750, கொழுப்பு 250. எங்கள் பக்கத்து மாடு மெலிந்தது, சதையோடு வருகிற கொழுப்பு போதாது. நெஞ்சுப் பக்கத்துக் கொழுப்பைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கிற கொழுப்பையே முழுக்கப் போட்டால், ஆறியதும் மெழுகு மாதிரி அண்ணத்தில் ஒட்டும்.

உப்பைக் கரண்டியால் அளக்க வேண்டாம். நிலாவெளிக் கல்லுப்பு ஒரு கரண்டியும் பைக்கற்றில் வருகிற தூளுப்பு ஒரு கரண்டியும் ஒரே நிறை இல்லை. 12 கிராமுக்குக் கீழே போனால் ருசி மட்டும் குறையாது, ஒட்டும் தன்மையும் குறையும். இறைச்சிப் புரதத்தைக் கரைத்துப் பசையாக்குவதே உப்புதான்.

காலையில் அறுத்த இறைச்சியை அப்படியே அரைக்காதீர்கள். அகலத் தட்டில் பரப்பி ஓர் இரவு பிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் இரண்டு சென்ரிமீற்றர்த் துண்டாக வெட்டி, வெள்ளை நரம்பைச் சீவி, ஃபிரீசரில் 30 முதல் 45 நிமிடம். விரலால் அழுத்தினால் விளிம்பு விறைப்பாகவும் நடு கொஞ்சம் அமுங்குவதாகவும் இருக்கவேண்டும். கத்தி, தட்டு, உள்திருகு மூன்றையும் கூடவே ஃபிரீசரில் போடுங்கள். கோழித்தோலை நன்றாக உறையவிட்டே அரைக்கவேண்டும், கோழிக் கொழுப்பு மற்றதை விடச் சீக்கிரம் இளகும். அரைக்கத் தொடங்கும்போது இறைச்சி 4 பாகைக்குள், பிசைந்து முடிக்கும்போது 12 பாகையைத் தாண்டக்கூடாது. தாண்டப்போகிறது என்று கண்டால் சட்டியோடு 15 நிமிடம் ஃபிரீசரில் வைத்துவிட்டுத் தொடருங்கள். சட்டிக்கு அடியில் வேறொரு பெரிய சட்டியில் ஐஸ் கட்டி வைத்துப் பிசைவது இன்னும் நல்லது. மீனுக்கு விற்கிற ஐஸ் அந்த வெளிச்சட்டிக்கு மட்டும். இறைச்சிக்குள் ஊற்றுவது கொதித்தாறிய தண்ணீரை வீட்டில் குளிரவைத்ததாக இருக்கட்டும்.

உப்பு, தூள், ஐஸ் தண்ணீர் சேர்த்து இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிசையுங்கள். ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் அப்பி, கையைக் கவிழ்த்துப் பாருங்கள். விழாமல் தொங்கினால் பதம். விழுந்தால் இன்னும் பிசைய இருக்கிறது. நிரப்பமுன் ஒரு தேக்கரண்டி எடுத்துத் தாச்சியில் பொரித்து உப்பு, காரம் பாருங்கள். உறைக்குள் போனபின் திருத்த முடியாது.

நம்முடைய கைப்பழக்கத்தால் வருகிற பிழை ஒன்றும் உண்டு. இஞ்சி உள்ளி விழுது போடாமல் இறைச்சியா என்று அள்ளிப் போடுவோம். பச்சை இஞ்சியில் புரதத்தை உடைக்கும் நொதி இருக்கிறது. கறியில் அது மெதுமையாக்கும். சொசேஜில் இரவோடிரவாகக் கூழாக்கிவிடும். பப்பாசி, அன்னாசியும் அப்படித்தான். இஞ்சி வேணுமென்றால் வேர்க்கொம்புத் தூள் ஒரு கிராம். பச்சை வெங்காயம் தண்ணி விடும், வதக்கி நன்றாக ஆறவைத்துப் போடுங்கள். வினாகிரி 15 மில்லிலீற்றருக்கு மேல் வேண்டாம், அதுவும் பிசைந்து முடிந்த பிறகே. முன்னமே ஊற்றினால் ஒட்டாமல் உதிரும். கறிவேப்பிலையைத் தூளாக வெட்டுங்கள், இல்லாவிட்டால் ஈர்க்கு புனல் வாயில் சிக்கி உறையைக் கிழிக்கும்.

கிண்ணியா ராத்தா:

தம்பி, உறை விசயம் நான் சொல்றன். முதல் ரெண்டு தரம் உறையே வேணாம். வேகவைக்க ஏற்றது எண்டு பெட்டியில போட்டிருக்கிற பொலித்தீன் தாள்ல இறைச்சியை வச்சு இறுக்கி உருட்டி, ரெண்டு பக்கமும் மிட்டாய் சுத்துற மாதிரி முறுக்கிக் கட்டுங்க. வெந்த பிறகு தாளை உரிச்சிட்டுப் பொரிக்கலாம். கலவை சரியா வருதா எண்டு இதுலயே தெரிஞ்சிடும், உறைக்குக் காசு வீணாகாது.

பிறகு ஆட்டுக்குடல் உறை எடுங்க, 22 முதல் 24 மில்லிமீற்றர். 1 கிலோக்கு மூணு மீற்றர் போதும். உப்புப் போட்டுத்தான் வரும். உப்பைக் கழுவி, இளஞ்சூட்டுத் தண்ணியில அரை மணி நேரம் ஊறவச்சு, ஒரு நுனியைக் குழாயில பிடிச்சு உள்ளால தண்ணி விடுங்க. ஓட்டை இருந்தா அப்பவே பீச்சும், அந்த இடத்தில வெட்டிடுங்க. மிச்சத்தை மறுபடி கல்லுப்புக்குள்ள புதைச்சு பிரிட்ஜ்ல வச்சா மாசக்கணக்கா இருக்கும். இந்த உறைக்கு 12, 13 மில்லிமீற்றர் புனல் வேணும். மெசினோட வாறது கூடுதலா இதைவிடப் பெரிசு, ஏத்தேக்க கிழிஞ்சிடும். புனல் அளவைப் பாத்துட்டு உறை வாங்குங்க.

கொலாஜன் உறை எண்டா ஊறவைக்கக் கூடாது, காய்ஞ்சபடியே புனல்ல ஏத்துங்க. முறுக்கினா திரும்பிப் பிரியும், அதால நூல் கட்டணும். இது மாட்டுத் தோல்லயும் செய்வாங்க, பன்றித் தோல்லயும் செய்வாங்க. பைக்கற்றில எந்த மிருகம் எண்டு எழுதியிருக்கணும், ஹலால் முத்திரையும் பாருங்க. எழுத்தில்லாம சில்லறையா வெட்டித் தாறதை வாங்காதீங்க. சாப்பிட ஏலாத உறையும் இருக்கு, வெந்த பிறகு உரிக்கிறது. அதையும் கேட்டுக்கங்க.

நிரப்பேக்க ஒரு கையால உறையைப் புனல் வாயில மெல்லப் பிடிச்சு, தானா வர விடுங்க. இறுக்கி நிரப்பினா முறுக்கேக்க வெடிக்கும். நிரப்பினதை ரெண்டு விரலால நசிச்சா விரல் ஒண்டையொண்டு தொடுற அளவு இளக்கம் இருக்கணும். 12 சென்ரிமீற்றருக்கு ஒரு முறுக்கு, ஒண்டை முன்னால எண்டா அடுத்ததைப் பின்னால, மூணு நாலு சுத்து. காத்துக் குமிழை ஊசியால குத்துங்க. தட்டில அடுக்கி, மூடாம ஒரு ராவு பிரிட்ஜ்ல வச்சா தோல் காய்ஞ்சு நல்லா ஒட்டும். மின்விசிறிக்குக் கீழ காயப்போடாதீங்க.

வேகவைக்கேக்க தண்ணி கொதிக்க விடாதீங்க. 75 முதல் 80 பாகைல, சட்டி ஓரத்தில சின்னக் குமிழ் மட்டும் வாற சூடு. கோழி நடுவில 74 பாகை, மாடு 71. எடுத்ததும் ஐஸ் தண்ணியில போடுங்க, சுருங்காம இருக்கும். பொரிக்கிறது அதுக்குப் பிறகு, நிறம் வாற அளவுக்கு.

உப்புவெளிக் காகம்:

பெரிய உதவி. இன்னும் ஒன்று. பொச்சு மட்டைப் புகையில் போட்டு வைக்கலாமா? அல்லது மீன் கருவாடு, உப்புக்கண்டம் மாதிரி வெயிலில் காயவைத்தால் பிரிட்ஜில் இடம் மிச்சமாகுமே?

துளைத்தட்டு:

வேண்டாம். உப்புக்கண்டம் மெல்லிய கீற்று, கிருமி இருக்கிறது வெளித்தோலில, அங்கதான் உப்பும் வெயிலும் படுது. சொசேஜ் அரைச்சது. வெளியில இருந்த கிருமியெல்லாம் நடுவுக்குப் போயிட்டுது, உறைக்குள்ள காத்தும் இல்லை. முப்பது பாகைச் சூட்டில தொங்கவிட்டால் பொட்டுலிசம் எண்ட ஆளைக் கொல்லுற உணவு நஞ்சைக் குடுக்கிற கிருமிக்கு வேற என்ன வேணும்? பொட்டுலஸ் எண்ட லத்தீன் சொல்லுக்கே சொசேஜ் எண்டுதான் அர்த்தம். காயவைக்கிற வகைச் சொசேஜுக்கு 12 முதல் 15 பாகையும் அளந்த ஈரப்பதனும் வேணும். அது இங்க வெளியில கிடையாது.

மெல்லிய சூட்டில மணிக்கணக்காப் புகை போடுறதுக்கு, அந்தக் கிருமியைத் தடுக்கிற நைத்திரைற்று உப்பு வேணும். 6.25 வீதம் நைத்திரைற்று உள்ள ரோஸ் நிற உப்பு, கிலோவுக்கு 2.5 கிராம், அதுக்குமேல ஒரு துளியும் இல்லை. கூடினால் நஞ்சு. இமயமலை உப்பும் ரோஸ்தான், ஆனால் அது வெறும் உப்பு. சில பழைய குறிப்புகளில வாற வெடியுப்பு வேற சாமான், அதைப் போட்டு விளையாடாதையுங்கோ. கையில 0.1 கிராம் தராசு வரும்வரைக்கும் புகையை மறந்துபோட்டு, சுடச்சுடப் பொரிச்சுச் சாப்பிடுற பச்சைச் சொசேஜோட நில்லுங்கோ.

மூதூர்க் கறுவா:

வைத்திருக்கும் காலத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வேகாதது பிரிட்ஜில் இரண்டு நாள், வெந்தது மூன்று நான்கு நாள், ஃபிரீசரில் இரண்டு மாதம். கறண்ட் நீண்ட நேரம் போய் வந்தால் மணந்து பார்த்து முடிவெடுக்க வேண்டாம். ஃபிரீசரில் உள்ளதில் ஐஸ் மணி இன்னும் இருந்தால் திரும்ப உறையவிடலாம். முழுக்க இளகி, கைக்குக் குளிரே தெரியாமல் இருந்தால் எறியுங்கள்.

உப்புவெளிக் காகம்:

சரி. தராசும் தெர்மோமீற்றரும் முதலில், பிறகு நம்பர் 12 கைமெசின், 4.5 தட்டு மேலதிகமாக. தெர்மோமீற்றர் சரியாகக் காட்டுகிறதா என்று எப்படித் தெரியும்?

கிண்ணியா ராத்தா:

கிளாஸ் நிறைய நொறுக்கின ஐஸ் போட்டு, இடைவெளி நிரம்புற அளவுக்கு மட்டும் தண்ணி ஊத்திக் கலக்குங்க. ரெண்டு நிமிசம் விட்டு ஊசியை நடுவில பிடிங்க, கிளாஸ்ல படாம. 0 காட்டணும். 2 காட்டினா அந்த ரெண்டை எப்பவும் கழிச்சுப் பாருங்க. ஒவ்வொரு தரமும் ஒவ்வொண்டு காட்டினா கடைக்கே திருப்பிக் குடுங்க.