4294967297 ப்ரைமா (பகா எண்ணா)?

கார்த்தி: 2^32 + 1 (அதான் 4294967297) ப்ரைமான்னு பார்க்க சி மொழியில ப்ரோகிராம் எழுதினேன். எண்ணையே 1னு காட்டுது 🤦

வித்யா அக்கா: அன்சைன்ட் இன்ட்ல (மைனஸ் இல்லாத முழு எண் வகை) வச்சிருப்ப. 32 பிட்ல 4294967295 வரைதான் அடங்கும். அடுத்தது 0, அதுக்கடுத்தது 1. 64 பிட் இருக்கிற அன்சைன்ட் லாங் லாங் போடு. 2^32-க்கு 1 << 32னு எழுதியிருந்தா, நகர்த்துற அந்த 1-ஐயும் மாத்தணும், இல்லன்னா நகர்த்தல் இன்ட் கணக்குலயே நடந்துடும்.

சித்தப்பா: அது ப்ரைம் இல்லடா. 641 × 6700417. 2-ஓட அடுக்கை 1, 2, 4, 8, 16னு இரட்டிச்சு 1 கூட்டினா வர்ற 3, 5, 17, 257, 65537 எல்லாம் ப்ரைம், அதனால வரிசை முழுக்க அப்படித்தான்னு கணித மேதை ஃபெர்மா நம்பினார். அடுத்த எண்ணான இந்த 2^32 + 1-ஏ காலை வாரிடுச்சு. 1732-ல கணித மேதை ஆய்லர் கண்டுபிடிச்சது.

கார்த்தி: 641 வரைக்கும் 116 ப்ரைம் இருக்கே சித்தப்பா, அத்தனையாலயுமா வகுக்கணும்?

சித்தப்பா: வேண்டாம். இதை வகுக்கிற ப்ரைம் எதுவானாலும் 64-ஆல வகுத்தா மீதி 1 வரணும், இது ஆய்லர் விதி. 193, 257, 449, 577, 641, அவ்வளவுதான். பின்னாடி லூகாஸ்ங்கிற கணிதவியலாளர் அந்த 64-ஐ 128 ஆக்கினார். 129, 385, 513 ப்ரைமே இல்ல. மிச்சம் 257, 641.

சித்தப்பா: 257 ஆகாது. 2^8 = 257 − 1, அதனால 2^8-க்கு மீதி −1, 2^32-க்கு மீதி 1. ஒண்ணு கூட்டினா 2.

கார்த்தி: 641?

சித்தப்பா: வகுக்கவே வேண்டாம். 641 = 5×2^7 + 1. அதே 641 = 5^4 + 2^4. முதல்லேர்ந்து 5×2^7-க்கு மீதி −1. நாலாம் அடுக்கு எடு, 5^4 × 2^28-க்கு மீதி 1. ரெண்டாவதுலேர்ந்து 5^4 இருக்கிற இடத்துல −2^4 போடு. −2^32-க்கு மீதி 1, அதாவது 2^32-க்கு −1. கூட 1 சேர்த்தா 0. இதைவிட அழகான கணக்கு கம்மி.

அத்தை: பெருக்கலை நான் 9-ஆல சோதிச்சேன். இலக்கங்களைக் கூட்டி 9-ஆல வகுத்தா 641-க்கு மீதி 2, 6700417-க்கு 7, பெருக்கினா 14, அதாவது 5. விடைக்கு இலக்கக் கூட்டல் 59, அதுவும் 5 👍

சித்தப்பா: 6704017னு இலக்கம் மாத்தி எழுதியிருந்தாலும் அதே 5 வரும்மா. 11-ஆலயும் பாரு. 641-க்கு மீதி 3, 6700417-க்கு 9. சரியான எண்ணுக்கு 3×9 = 27, மீதி 5. விடைக்கும் 5. தப்பான எண்ணுக்கு 3×1 = 3, மாட்டிக்கும்.

கார்த்தி: 6700417 இன்னும் உடையுமா?

வித்யா அக்கா: வர்க்கமூலம் 2588 சொச்சம், அதுவரை பார்த்தா போதும். 257 ஏற்கனவே போச்சு, 128 விதிப்படி மிச்சம் 641, 769, 1153, 1409 மட்டும். மீதி 44, 120, 334, 622. ப்ரைம்தான்.

கார்த்தி: அப்ப 2^64 + 1-க்கு லாங் லாங் போதும்ல?

வித்யா அக்கா: போதாது, மறுபடி 1 வரும் 😄 எக்செல்ல போட்டா 15 இலக்கத்தோட நிறுத்தி 18446744073709600000னு காட்டும். கடைசி அஞ்சு சைபரும் பொய். பைத்தான்ல போடு, 18446744073709551617 முழுசா வரும். 274177-ஆல வகு.

சித்தப்பா: 1880-ல லாண்ட்ரிங்கிற கணிதவியலாளர் வெளியிட்ட காரணி. இதுக்கு 128 இல்ல, 256. 274176-ஐ 256-ஆல வகுத்துப் பாரு, 1071 சரியா வரும்.