முடிச்சுப் போட்ட துப்பாக்கியும் பட்டாளத்துப் பிள்ளைகளும்

கேள்வி: கணியம்பாடி டீச்சர்

வணக்கம். சாயங்காலம் எங்கள் தெருப் பிள்ளைகள் ஒன்பது பேரை உட்கார வைத்துப் படிக்கச் சொல்லித் தருகிறேன். எல்லாரும் ஐந்தாவது, ஆறாவது. போன வாரம் அமைதியைப் பற்றிய ஓவியங்கள், சிலைகள் குறித்து ஒரு கட்டுரையைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். பிக்காசோவின் ‘குவர்னிக்கா’ ஓவியம் 7.76 மீட்டர் நீளம் என்று படித்ததும் பையன்கள் தெருவில் இறங்கி அடி வைத்து அளந்தார்கள். அதுவரை நன்றாகத்தான் போனது. அப்புறம் நியூயார்க் ஐ.நா. தலைமையகத்தில் இருக்கும், குழாயில் முடிச்சுப் போட்ட துப்பாக்கிச் சிலை வந்தது. ஒரு பெண் தாளை மடித்து வைத்துவிட்டாள். "எங்க அப்பாகிட்டயும் துப்பாக்கி இருக்கு மிஸ். அப்ப அவர் கெட்டவரா?"

எங்கள் பக்கம் உங்களுக்குத் தெரியும். கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். இந்த ஒன்பதில் நான்கு பேரின் அப்பா பட்டாளத்தில். "இல்லம்மா" என்று மட்டும் சொன்னேன். அது அவளுக்குப் போதவில்லை. புதன்கிழமை அந்தப் பக்கத்தை விட்டுவிடலாமா?

பதில்: காட்பாடி டிராயிங் மாஸ்டர்

விட வேண்டாம் டீச்சர். அந்தச் சிலையில் இருப்பது பட்டாளத்துத் துப்பாக்கி இல்லை, ரிவால்வர். 1980-ல் பாடகர் ஜான் லெனனை நியூயார்க்கில் அவர் வீட்டு வாசலிலேயே ஒருவன் சுட்டுக் கொன்றான். அந்தத் துக்கத்தில் ஸ்வீடன் சிற்பி ராய்டர்ஸ்வார்ட் செய்தது இது. 1988-ல் லக்சம்பர்க் நாடு ஐ.நா.வுக்குக் கொடுத்தது. முதலில் படத்தை மட்டும் காட்டி, "என்ன தெரியுது?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். ‘இது அமைதி’ என்று நாம் முந்திக்கொண்டால் பிள்ளைகள் அதையேதான் திருப்பிச் சொல்வார்கள். கதையும் கட்டுரையும் அப்புறம்.

பதில்: ஓய்வுபெற்ற ஹவில்தார், அணைக்கட்டு

அம்மா, நான் காங்கோவில் ஐ.நா. அமைதிப் படையில் நீலத் தொப்பி போட்டு ஒரு வருஷம் இருந்தவன். அந்தச் சிலை நிற்கிற அதே ஐ.நா.வுக்காகத்தான் போனோம். கையில் துப்பாக்கி இருந்தது. சுடாமல் திரும்பிய நாள்தான் எங்களுக்கு நல்ல நாள். இதை அந்தப் பிள்ளையிடம் சொல்லுங்கள். அவள் அப்பாவிடமே கேட்கவும் சொல்லுங்கள். போனில் பிள்ளைகள் "சாப்பிட்டீங்களா, எப்ப வருவீங்க" என்பதைத் தவிர எதுவும் கேட்பதில்லை. என் மகளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

கணியம்பாடி டீச்சர்

மாஸ்டருக்கும் ஐயாவுக்கும் நன்றி. படத்தைக் காட்டினதும் முதலில் பேசியது அவள்தான்: "இது குட்டி. அப்பாவோடது நீளம்." லெனன் கதையையும் காங்கோ கதையையும் சொன்னேன். அப்புறம் ஒரு பையன், "அந்த முடிச்சை அவிழ்க்க முடியுமா?" என்றான். வெண்கலம், முடியாது என்று ஒரு கட்சி. காய்ச்சினால் முடியும் என்று பாத்திரக்கடைக்காரர் மகன். அரை மணி நேரம் அதிலேயே போனது. கடைசி இரண்டு பத்தியைப் படிக்கவே இல்லை, பரவாயில்லை.

ராத்திரி அப்பாவிடம் போனில் கேட்டாளாம். அவர் என்ன சொன்னார் என்று என்னிடம் சொல்லவில்லை. மறுநாள் வந்து, மடித்து வைத்த தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.