‘ஒத்திசைவற்ற கற்றல்’ பொருந்துமா?

அன்புள்ள குழுமத்தினருக்கு,

வணக்கம். இணையவழி முதுகலைப் படிப்புகளுக்கான சொற்பட்டியலில் ‘அசிங்க்ரனஸ் லேர்னிங்’ (ஆசிரியரும் மாணவரும் ஒரே நேரத்தில் கூடாமல் அவரவர்க்கு வாய்த்த நேரத்தில் பங்கேற்கும் கற்றல்) என்பதற்கு ‘ஒத்திசைவற்ற கற்றல்’ என நண்பர் பரிந்துரைத்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மின்னணுச் சுற்றுகளின் துடிப்புகளைப் பற்றிப் பேசும்போது அச்சொல் பொருந்தலாம். கல்வியில் அது ஆசிரியருக்கும் மாணவருக்கும் இணக்கமில்லை என்ற பொருளையே முதலில் தருகிறது.

இங்கே குறிக்கவேண்டியது நேரத்தை. பகலெல்லாம் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு, பிள்ளைகள் உறங்கிய பிறகு முதுகலைக் கல்வியியல் படிக்க அமரும் ஆசிரியை ஒருவர், இரவு பதினொரு மணிக்கு விவாதப் பக்கத்தில் ஒரு கேள்வி எழுதுகிறார். வேறோர் ஊரிலிருக்கும் சக மாணவர் விடியற்காலையில் அதற்கு விடை எழுதுகிறார். பேராசிரியர் இரண்டு நாள் கழித்து இருவர் கருத்தையும் செப்பம் செய்கிறார். இதில் இசைவுக்கு எந்தக் குறையும் இல்லை.

ஒரே நேரத்தில் கூடிக் கற்பது, வெவ்வேறு நேரத்தில் கற்பது என்ற இந்த வேறுபாடு இணையத்துக்கும் முந்தியது. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971இல் பாடம் நடத்தத் தொடங்கியபோது, அச்சிட்ட பாடத்தை மாணவர் விரும்பிய நேரத்தில் படிக்கலாம். பிபிசி ஒளிபரப்பிய பாடத்துக்கோ குறித்த நேரத்தில் தொலைக்காட்சிமுன் அமரவேண்டும். நம் அஞ்சல்வழிக் கல்வியில் பாடக் கட்டும் வார இறுதி வகுப்பும் அப்படித்தான் பிரிந்திருந்தன.

ஆகவே ஒரே நேரத்தில் கற்பதற்கு ‘உடனிகழ் கற்றல்’, வெவ்வேறு நேரத்தில் கற்பதற்குப் ‘பின்னிகழ் கற்றல்’ என்ற இணையை முன்வைக்கிறேன். மூன்றாம் வேற்றுமைக்கு நன்னூல் சொல்லும் பொருள்களுள் உடனிகழ்ச்சியும் ஒன்று. ‘ஆசிரியரோடு மாணவர் வந்தார்’ என்று பள்ளியில் படித்ததை நினைத்தால் சொல் தானே விளங்கும். (உடன், பின் இரண்டையும் அடுத்து ‘நிகழ்’ வந்து அதன் நகரம் னகரமாகத் திரிந்தாலும், பின் என்பது தனிக்குறிலை அடுத்த ஒற்றில் முடிவதால் அங்கு மட்டும் இரண்டு னகரமும் கெடாமல் நிற்கின்றன, எழுத்துப்பிழை என்று திருத்திவிட வேண்டாம்.)

‘தன்நேரக் கற்றல்’ என்பதையும் எண்ணிப் பார்த்தேன். அது கேட்க இனிது. ஆனால் ஒப்படைப்புக்குக் கெடு நாள் உள்ள படிப்பில் மாணவருக்கு அவ்வளவு உரிமை கிடையாது. கெடுவே இல்லாமல் அவரவர் வேகத்தில் முடிக்கும் படிப்பைத் ‘தன்வேகக் கற்றல்’ என்று தனியே வைத்துக்கொள்வதே தெளிவு.

‘பின்னிகழ்’ என்பதை ‘இனி நிகழப்போகும்’ என்று சிலர் பொருள்கொள்ளக்கூடும் என்பது ஒன்றே என் ஐயம். ‘பின்னிகழ் உரையாடல்’, ‘பின்னிகழ் வகுப்பு’ என்ற தொடர்களில் அந்த மயக்கம் நேர்கிறதா என்று கற்பிக்கும் பணியில் உள்ளவர்கள் சொல்லவேண்டுகிறேன்.

அன்புடன்